பால்குடிப் பிள்ளையும் பைத்துல்மாலும்

சென்ற ஷஅபான் மாதத்தில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, பள்ளிவாசலின் கதவோரத்தில் ஒரு தாய் இடுப்பில் கைப்பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தார். பீடிக் கடையில் கட்டுகளைக் கொடுத்துவிட்டு, மறுநாளைக்கு இலையும் தூளும் வாங்கித் திரும்புகிற வழி என்பது கையிலிருந்த பையைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும்" என்றார்.

"கேளுங்கம்மா."

"டவுன்ல தையல் கம்பெனியில வேலை இருக்குன்னு சொல்றாங்க. இவங்க வாப்பாவுக்கு முதுகுல அடிபட்டு மூட்டை தூக்க முடியல. புள்ளைக்குப் பதினோரு மாசம். எங்கயாவது பார்த்துக்கிற எடத்துல விட்டுட்டுப் போவலாம்னு நெனைச்சேன். ஆனா அது கூடாதுன்னு நீங்க பயான்ல சொன்னதா மாமி சொன்னாங்க. அது ஹராமா ஹஜ்ரத், இல்ல மக்ரூஹா?"

நான் சொன்னது உண்மைதான். இரண்டு வாரங்களுக்கு முன் ஜும்ஆ பயானில், பெற்ற பிள்ளையைக் காப்பகத்தில் போட்டுவிட்டுச் சம்பளத்துக்கு ஓடும் காலம் வந்துவிட்டதே என்று சற்றுச் சூடாகவே பேசியிருந்தேன். மேல்நாட்டு நாகரிகம் என்றெல்லாம் சொன்னதாக ஞாபகம். மிம்பரில் நிற்கிறபோது வார்த்தைகள் எளிதாக வந்துவிடுகின்றன. எதிரில் ஒரு தாய் நின்று, அது ஹராமா மக்ரூஹா என்று தரம் பிரித்துக் கேட்கும்போதுதான், கிதாபைப் பார்த்துச் சொன்னோமா, நாக்குக்கு வந்ததைச் சொன்னோமா என்று நெஞ்சு கேட்கிறது. "ரெண்டு நாள் பொறுங்கம்மா, கிதாபு பார்த்துச் சொல்றேன்" என்று அனுப்பிவைத்தேன். அப்படிப் பார்த்ததையும், பார்த்தபின் எண்ணியதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் குர்ஆன் ஷரீஃப். அல்பகரா சூராவின் 233-ஆம் ஆயத்து பாலூட்டுதலைப் பற்றியது. பாலூட்டும் காலத்தைப் பூர்த்தியாக்க விரும்புவோருக்கு முழுமையான இரண்டு ஆண்டுகள் என்று அல்லாஹ் தஆலா கூறுகிறான். அந்தத் தாய்க்கு உணவும் உடையும் முறைப்படி கொடுப்பது தகப்பன்மீது கடமை என்கிறான். பிள்ளையின் பெயரால் தாய்க்கும் தீங்கு நேரக் கூடாது, தகப்பனுக்கும் தீங்கு நேரக் கூடாது என்கிறான். அதே ஆயத்தின் இறுதியில், பிள்ளைக்கு வேறொருத்தியைக் கொண்டு பாலூட்ட நாடினால், பேசிய கூலியை முறைப்படி கொடுத்துவிட்டால் குற்றமில்லை என்றும் சொல்லிவிடுகிறான். பிள்ளையைப் பிறர் கையில் கொடுத்து, அதற்குக் கூலியும் கொடுத்து வளர்ப்பது மேல்நாட்டார் கண்டுபிடித்த வழக்கம் அல்ல என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? நம் நபி (ஸல்) அவர்களே பனூ ஸஅத் கோத்திரத்து ஹலீமா அம்மையாரின் மடியில் வளர்ந்தவர்கள். மூஸா (அலை) அவர்களின் தாயார் ஃபிர்அவ்னின் அரண்மனைச் செலவில், தம் சொந்தப் பிள்ளைக்கே கூலி பெற்றுப் பாலூட்டினார்கள் என்பது முஃபஸ்ஸிர்கள் எடுத்துச் சொல்லும் செய்தி.

இனி ஃபிக்ஹு. நம் ஷாஃபிஈ மத்ஹபின் கிதாபுகளைத் திறந்தால் நம் வீட்டு ஆண்கள் சற்றுத் திடுக்கிடுவார்கள். பிரசவித்தவுடன் சுரக்கும் சீம்பாலைக் கொடுப்பது தாய்மீது கடமை. அதற்கு மேல், வேறொரு பாலூட்டுபவள் கிடைக்கும்போது தாயை வற்புறுத்த முடியாது. பாலூட்டும் செலவும் வளர்க்கும் செலவும் பிள்ளைக்குச் சொத்திருந்தால் அதிலிருந்து. இல்லையென்றால் நஃபகா கொடுக்கக் கடமைப்பட்ட தகப்பனிடமிருந்து. சமைப்பதும் துவைப்பதும்கூட மனைவிமீது சட்டக் கடமை என்று நம் இமாம்கள் எழுதவில்லை. நம் தாய்மார்கள் செய்வதெல்லாம் அன்பினால் செய்கிற உபகாரம். அதைக் கடமை என்று பெயர் மாற்றி, போதாதென்று குறையும் சொல்லிப் பழகிவிட்டோம்.

ஆகவே மஸ்அலாவுக்கு விடை சிரமமில்லை. தேவை இருக்கிறது, கணவரின் சம்மதம் இருக்கிறது, போகிற இடமும் வருகிற வழியும் பாதுகாப்பானவை, பிள்ளையைப் பார்ப்பவர் நம்பத்தகுந்தவர் என்றால், கூடும். மத்யன் நகரின் கிணற்றடியில் ஆடுகளை ஓட்டிவந்து ஒதுங்கி நின்ற இரு பெண்மக்களும், எங்கள் தந்தை முதியவர் என்றுதானே காரணம் சொன்னார்கள்? இந்த அம்மையாரின் கணவருக்கு முதுகு ஒடிந்திருக்கிறது. காரணம் வேறு, நிலைமை ஒன்று.

ஆனால் ஆலிம் என்பவன் "கூடும்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போய்விடலாமா? தகப்பன்மீது கடமை, சரி. தகப்பனால் முடியாவிட்டால் யார்மீது? இந்தக் கேள்விக்குக் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் விடை இருக்கிறது. நம்மில் பலர் கேட்ட நிகழ்ச்சிதான். ஆனால் கலீஃபாவின் இளகிய மனத்துக்கு உதாரணமாக மட்டுமே அதைச் சொல்லிவருகிறோம். அதில் ஆட்சிக்குரிய சட்டம் ஒன்று இருப்பதைப் பார்ப்பதில்லை.

பைத்துல்மாலிலிருந்து மக்களுக்கு உதவித்தொகை வழங்க உமர் (ரலி) பதிவேடு ஏற்படுத்தியபோது, குழந்தைகளுக்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள். பால் மறந்த பிள்ளைக்கே தொகை. நிர்வாகக் கண்ணோடு பார்த்தால் நியாயமான நிபந்தனைதான். பால் குடிக்கும் பிள்ளைக்குத் தனிச் செலவு என்ன? ஓர் இரவு மதீனாவின் வெளிப்புறத்தில் வியாபாரக் கூட்டம் ஒன்று வந்து தங்கியிருந்தது. அவர்களுக்குக் காவலாக, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களோடு கலீஃபா விழித்திருந்தார்கள். ஒரு குழந்தை அழுகிற சப்தம். போய், பிள்ளையைக் கவனியம்மா என்று தாயிடம் சொல்லிவிட்டு வந்தார்கள். மறுபடி அழுகை. மறுபடி போனார்கள். கடைசியில் அந்தத் தாய், வந்திருப்பவர் யாரென்று தெரியாமல், சலிப்போடு உண்மையைச் சொன்னாள். பிள்ளைக்குப் பாலை மறக்கடிக்கப் பார்க்கிறாள். அவன் மறுத்து அழுகிறான். ஏன் இத்தனை அவசரம்? பால் மறந்த பிள்ளைக்குத்தானே உமர் தொகை கொடுக்கிறார்!

அன்று ஃபஜ்ரு தொழுகையில் கலீஃபாவின் கிராஅத் அழுகையினால் மக்களுக்கு விளங்கவில்லை என்று அறிவிப்பில் வருகிறது. எத்தனை முஸ்லிம் பிள்ளைகளை உமர் கொன்றுவிட்டானோ என்று தம்மையே நொந்துகொண்டார்கள். பிள்ளைகளுக்குப் பாலை அவசரப்பட்டு மறக்கடிக்காதீர்கள். பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் தொகை உண்டு என்று அறிவிக்கச் செய்து, எல்லா நாட்டு அதிகாரிகளுக்கும் எழுதினார்கள். பிறந்த பிள்ளைக்கு 100 திர்ஹம், வளர்ந்தால் 200. தாய் தகப்பன் தெரியாமல் கண்டெடுக்கப்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் கூலியும் பராமரிப்புச் செலவும் பைத்துல்மாலிலிருந்தே போயிற்று.

இதில் நான் நின்று யோசித்த இடம் ஒன்று உண்டு. உமர் (ரலி) அவர்கள் அந்தத் தாயைக் கண்டிக்கவில்லை. பணத்துக்காகப் பிள்ளையின் பாலை நிறுத்துகிறாயே, நீ ஒரு தாயா என்று ஒரு பயான் செய்திருக்கலாம். நான் செய்தேன் அல்லவா, அது போல. அவர்கள் தாம் போட்ட நிபந்தனையைப் பார்த்தார்கள். சட்டத்தின் வாசலில் வைத்த நிபந்தனையின் விலையைத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளை கொடுக்கிறது என்று கண்டதும், நிபந்தனையை எடுத்துவிட்டார்கள்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் நாட்டுச் சட்டங்களின் பக்கம் வருவோம்.

உழைக்கும் தாய்மார்களின் பிள்ளைகளுக்காக அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்வது நன்றிகெட்டதனம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே, பெண்கள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்று விதித்தது. முதலில் 50 பெண்களுக்கு மேல் என்றிருந்ததை 1976-இல் 30 பெண்களுக்கு மேல் என்று தளர்த்தினார்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு 1951-இல் தனிச் சட்டம். பீடி, சுருட்டுத் தொழிலுக்கு 1966-இல் தனிச் சட்டம். 1975 அக்டோபர் 2-இல் அங்கன்வாடித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கி, இன்று நாடு முழுதும் ஏறத்தாழ 14 லட்சம் மையங்களாக விரிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1982-இல் சத்துணவு தொடங்கியபோது பால்வாடிப் பிள்ளைகளையும் சேர்த்தே தொடங்கினார்கள். 2017-இல் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தி, ஆண் பெண் வேறுபாடில்லாமல் 50 பேர் வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றும் சட்டம் வந்தது. 2020-இல் இயற்றி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதே 50 என்ற எண்ணை வைத்துக்கொண்டது. நான்கு முறை பார்க்கலாம் என்ற அந்த ஒரு வரியை எழுதியவருக்குப் பால் கட்டிய மார்பின் வேதனை தெரிந்திருக்கிறது. அல்லாஹ் அவருக்கு நற்கூலி தரட்டும்.

ஆனால் அந்த 50-ஐப் பாருங்கள். 49 பேர் வேலை செய்யும் இடத்துப் பிள்ளை என்ன பாவம் செய்தது? நம் பெண்களில் பெரும்பாலோர் வேலை செய்வது ஐந்து பேர், பத்து பேர் இருக்கும் கடைகளிலும், தையல் கூடங்களிலும், பிறர் வீட்டு அடுப்படிகளிலும்தான். 30 பெண்களுக்கு மேல் என்று இருந்த காலத்தில், முப்பதோடு நிறுத்திக்கொண்டால் தொல்லையில்லை என்று ஒரு முதலாளி கணக்குப் போட எவ்வளவு நேரமாகும்? 26 வாரச் சம்பளத்தையும் முதலாளியே சுமக்க வேண்டும் என்றால், கல்யாணமான பெண்ணை வேலைக்கு எடுக்க அவர் தயங்குவாரா மாட்டாரா? லாபம் யாருக்கோ நஷ்டமும் அவருக்கு என்ற ஃபிக்ஹு விதிப்படி முதலாளி பங்கு தரத்தான் வேண்டும்; நான் மறுக்கவில்லை. ஆனால் சுமையை ஒருவர் தலையில் மட்டும் வைத்தால் அவர் அதைக் கீழே போடத்தான் வழி தேடுவார். இ.எஸ்.ஐ.யில் பதிவான பெண்ணுக்குப் பேறுகாலச் சம்பளம் பொது நிதியிலிருந்து போகிறது. அங்கே இந்தத் தயக்கத்துக்கு இடம் குறைவு. பலர் தோளில் பகிர்ந்த சுமைக்கு ஷரீஅத்திலும் முன்மாதிரி உண்டு. தவறுதலாக நேர்ந்த கொலையின் தியத்தைக் கொன்றவன் ஒருவன்மீது மட்டும் சுமத்தாமல், அவனுடைய ஆகிலாவான உறவினர் கூட்டத்தின் மீது பரப்பி வைத்தது அதற்காகத்தான்.

இனி பீடிக்கு வருகிறேன். நெல்லைச் சீமையில் மேலப்பாளையம், கடையநல்லூர் போன்ற ஊர்களில் ஒரு காலத்தில் தறிச் சத்தம் கேட்டது. தறி ஓய்ந்த வீடுகளில் பீடித்தட்டு வந்தது. 1966-ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டம், வீட்டில் இருந்து சுற்றுகிற பெண்ணையும் தொழிலாளி என்றே ஏற்றுக்கொண்டது. அது பெரிய காரியம். ஆனால் பிள்ளைகளுக்கான அறையைத் தொழிற்கூடத்துக்கு மட்டுமே விதித்தது. வீட்டில் இருப்பவளுக்குக் காப்பகம் எதற்கு? அவள்தான் பிள்ளையோடு இருக்கிறாளே! சட்டம் எழுதியவர்கள் மட்டுமல்ல, நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். பர்தாவுக்குப் பங்கமில்லை, பிள்ளையும் கண்முன்னால், சம்பாத்தியமும் ஆயிற்று என்று இந்தத் தொழிலைப் புகழ்ந்து பேசிய பெரியவர்களை நான் கேட்டிருக்கிறேன்.

ஆயிரம் பீடி சுற்றினால்தான் அன்றைய கூலி. இலையை நனைத்து, வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலைக் கட்டி, முனையை மடக்கி ஒரு பீடி. தட்டு மடியில் இருக்கும்போது பிள்ளை எங்கே இருக்கும்? தவழ்கிற பிள்ளை தூளில் கையை வைத்து, அந்தக் கையை வாயில் வைக்கும். தொட்டிலில் போட்டால் புகையிலைத் தூசியில் தும்மிக்கொண்டு கிடக்கும். அழுதால் எடுக்க வேண்டும். எடுத்தால் கட்டு குறையும். குறைந்தால் கடைக்காரர் ஏசுவார். வீட்டில் இருக்கும் தாய் பிள்ளையோடு இருக்கிறாள் என்பது பாதி உண்மைதான்.

மீதிப் பாதியை நான் பிறர் சொல்லிக் கேட்டு எழுதவில்லை. என் உம்மாவும் பீடி சுற்றியவர்கள். நான் பிறந்தபோது என் ராத்தாவுக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவள். பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். ஊரில் பால்வாடி இருந்தது. ஆனால் நடக்கத் தெரியாத பிள்ளையை அங்கே எடுக்கமாட்டார்கள். என்னைத் தூக்கி வளர்த்தது ராத்தாவின் இடுப்பு. பிறகு அவளும் தட்டைப் பிடித்தாள். ஏழு ஆண்டுகள் நான் மதரஸாவில் ஓதிய காலத்தில் எனக்குக் கிதாபு வாங்கிய பணத்தில் அவள் சுற்றிய பீடியும் உண்டு. இன்று அவளுடைய ரேஷன் கார்டு விண்ணப்பத்தை நான்தான் நிரப்பிக் கொடுக்கிறேன். ஒரு நாளும் அவள் குறைபட்டுக்கொண்டதில்லை. அதனால்தான் இத்தனை காலம் எனக்கு இது ஒரு கேள்வியாகத் தோன்றவில்லை போலும். காப்பகம் என்பது நம் வீடுகளில் இல்லாமல் இல்லை. அதன் செலவை மூத்த பெண்பிள்ளையின் கணக்கில் எழுதிவிட்டோம். இல்மைத் தேடுவது முஸ்லிமான ஒவ்வொருவர்மீதும் கடமை என்று நான் பயான் செய்யும் நாளில், முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு கடன் என் கழுத்தில் இருக்கிறது.

இன்றும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. நம் மாநிலத்தில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்குச் சோறும் முட்டையும் பாட்டும் உண்டு. அதற்குக் குறைந்த பிள்ளைக்குச் சத்துமாவும் எடை பார்த்தலும். அங்கே விட்டுவிட்டுப் போக முடியாது. மாலை ஆறு மணிக்கு வேலை முடியும் தாய்க்கு அங்கன்வாடியின் நேரமும் பொருந்தாது. இந்தக் குறையைத் தீர்க்க 'பால்னா' என்று ஒரு திட்டம் 2022-இல் வந்தது. தொட்டில் என்று பொருள். அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை நாள் முழுதும் பார்த்துக்கொள்வது. அதற்கு முன் 2006-இலிருந்து இருந்த காப்பகத் திட்டம் வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கென்று இருந்தது. இதில் தாய் வேலைக்குப் போகிறாளா இல்லையா என்ற கேள்வியே இல்லை. இதைப் படித்தபோது எனக்கு அந்த ஃபஜ்ரு தொழுகைதான் நினைவுக்கு வந்தது. நிபந்தனை ஒன்று எடுபட்டிருக்கிறது. ஆனால் 14 லட்சம் மையங்களில் 17,000 என்ற அளவில்தான் இலக்கு வைத்தார்கள். கடலைப் பார்த்தவன் கையில் ஒரு குவளை.

நம்மவர்களில் சிலர் கேட்பார்கள்: பிள்ளையை அங்கே விட்டால் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கொடுப்பார்களா? எதைச் சாப்பிடக் கொடுப்பார்கள்? நியாயமான கவலை, கேட்கத்தான் வேண்டும். பார்ப்பவர் யார், சுத்தம் எப்படி, பிள்ளையை அடிப்பார்களா என்றும் கூடவே கேட்க வேண்டும். இன்னொரு சாரார், இப்படியெல்லாம் வசதி செய்தால் பெண்கள் எல்லோரும் வீட்டைவிட்டு வெளியேறிவிடுவார்கள் என்கிறார்கள். அவர்களிடம் எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. பசிக்காக வெளியேறுகிறவள் காப்பகம் இருந்தாலும் வெளியேறுவாள், இல்லாவிட்டாலும் வெளியேறுவாள். வித்தியாசம் பிள்ளைக்கு மட்டும்தான். தொழுகையை நீட்டி ஓத நாடி நின்ற நபி (ஸல்) அவர்கள், பிள்ளையின் அழுகுரல் கேட்டதும் தாயின் மனம் படும் பாட்டை எண்ணிச் சுருக்கிக்கொண்டார்கள். அந்தத் தாய் ஏன் வீட்டில் தொழாமல் பள்ளிக்கு வந்தாள் என்று அவர்கள் கேட்டதாக நான் எங்கும் ஓதவில்லை.

அரசாங்கம் செய்ய வேண்டியதை அரசாங்கத்திடம் கேட்போம். பீடி சுற்றும் தெருக்களில் பால்னா வர வேண்டும் என்று மனுக் கொடுக்க யாரும் நம்மைத் தடுக்கவில்லை. ஆனால் பைத்துல்மால் என்ற பெயரில் நம் ஜமாஅத்துகளிலும் ஒரு பெட்டி இருக்கிறதே! சொத்தை விட்டுச் சென்றவரின் சொத்து வாரிசுகளுக்கு. ஆதரவற்ற பிள்ளைகுட்டிகளை விட்டுச் சென்றால் அவர்கள் என் பொறுப்பு என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்ட பொறுப்பின் ஒரு துளி அந்தப் பெட்டிமீதும் இருக்கிறது. எங்கள் மக்தபு மதரஸாவின் கட்டடம் காலை எட்டரை மணிக்குப் பூட்டினால் மாலை ஐந்து மணிக்குத்தான் திறக்கிறது. மின்விசிறி உண்டு, தண்ணீர் உண்டு, சுற்றுச்சுவர் உண்டு. பல ஊர்களில் அங்கன்வாடி வாடகைக் கட்டடத்தில் நடக்கிறது. இடம் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். தையல் தெரிந்த, பொறுமையுள்ள, கணவனை இழந்த இரண்டு பெண்களுக்கு அங்கே ஒரு சம்பளமும் ஆகும்.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மையார் வந்தார். "கூடும்மா" என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார். பயானில் நான் பேசியது கிதாபைப் பார்க்காமல் பேசியது என்பதையும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டு, "அப்ப எங்க விடலாம் ஹஜ்ரத்?" என்றார். டவுனில் ஒரு தனியார் காப்பகம் இருக்கிறது. அதற்குக் கட்டினால் சம்பளத்தில் பாதி போய்விடும். தையல் கம்பெனியில் வேலை செய்வோர் நாற்பது சொச்சம். அவர் மூத்த மகளை நிறுத்திவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். ஆறாம் வகுப்பு படிக்கிறாளாம்.

நிறுத்த வேண்டாம், ரமலான் முடியட்டும் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் முன்பு சொன்னதைத் திருத்திச் சொன்னேன். முத்தவல்லியிடம் மதரஸாக் கட்டடத்தைப் பற்றிய வேண்டுகோளை எழுதியே கொடுத்திருக்கிறேன். கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று கேட்டார். நிர்வாகக் கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஷவ்வால் பிறை பத்தில் கூட்டம். அதுவரை அந்தப் பிள்ளையை என் ராத்தா பார்த்துக்கொள்கிறாள்.